டைம் கீப்பர் கையில் சங்கு

"அம்மா, எம்மக படிக்க மாட்டேங்கா."

மடத்தம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க."

கோமதிநாயகம் உட்காரவில்லை. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக நின்றே பழகிய மனிதர் அவர். ஒரு வண்டி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி என்று பெயரே தவிர, மடத்தம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கோமதிநாயகத்தைவிட இளையவர். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

"மக படிக்கதுக்கு நீங்க என்ன செய்யுதிய?"

"என்ன செய்யலைன்னு கேளுங்கம்மா. விடியுமுன்ன விசில் ஊதி எழுப்புதேன்."

"விசிலா?"

"டூட்டி விசில்தான். பிறகு அவ பின்னாலேயே நாற்காலி போட்டு உக்காருதேன். எந்தப் பக்கம், எந்த வரின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பேனாவுல மை இருக்கான்னு பாக்கேன். சாயங்காலம் வந்ததும் பையைக் கொட்டிப் பாக்கேன். குளிக்கப் போனாக்கூட வெளிய நின்னு ஃபார்முலா கேக்கேன்."

"சொல்லுதாளா?"

"தண்ணியைத் திறந்து விட்டுருதா."

மடத்தம்மா சிரித்துவிட்டார். மடியிலிருந்த முறம் குலுங்கியது.

"சிரிக்காதியம்மா. ஒன்பதாங் கிளாஸ் படிக்கா. மார்க்கு குறைஞ்சுக்கிட்டே வருது. அதுகூடப் போகட்டும். தூத்துக்குடியில இருக்க எங்க அக்கா வீட்டுக்குப் போயிருதேங்கா. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் டி.சி. வாங்கிக் குடுக்கணுமாம். அங்கன போயி படிக்காளாம்."

"ஏனாம்?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'அங்க நீங்க இருக்க மாட்டியல்லா'ன்னு சொல்லிட்டா."

கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்தைப் பிள்ளம்மா. அவ இல்லாத வீட்டுல நான் என்ன செய்வேன்?"

மடத்தம்மா முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சங்கு இருந்தது. அதைக் கோமதிநாயகத்தின் கையில் வைத்தார்.

"ஊதுங்க."

ஊதினார். காற்றுதான் வந்தது.

"கார்த்திகை தீபத்தன்னைக்கு விளக்கேத்துமுன்ன நீங்கதான் ஊதணும் அண்ணாச்சி."

"நானா? முத்தையால்லாம்மா வருஷா வருஷம் ஊதுவாரு?"

"அவருக்கு முன்பல்லு ரெண்டையும் பிடுங்கியாச்சு. இப்பம் ஊதுனா மீசைதான் ஆடுது."

"எனக்குத் தெரியாதேம்மா."

"ஆமா."

"சரி, எம்மக விஷயம்?"

"பாத்து எடுத்துட்டுப் போங்க. கீழ போட்டுராதீங்க."

அவ்வளவுதான். மடத்தம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சங்கை வாயில் வைத்து ஊதினார். என்னவோ ஒரு சத்தம் வந்தது.

அடுப்படியிலிருந்து மனைவி செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டுதா?"

"நமக்கு ஏதுட்டி கன்னுக்குட்டி?"

"அதான் கேக்கேன்."

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் குழல்வாய்மொழி, வீட்டில் எல்லாருக்கும் மொழி, புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினால் இன்னொரு தடவை சிரிப்பாளோ என்றுதான் தோன்றியது.

ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் போன பிறகு ஒரு சாயங்காலம், எப்படி என்று அவருக்கே தெரியாமல், உதடு சரியான இடத்தில் பொருந்தி, சங்கு முழங்கிவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது.

கேட்டதுதான் வம்பு.

ஒரு வீட்டிலிருந்து சாயங்கால வேளையில் சங்குச் சத்தம் வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். பலசரக்குக் கடை பேச்சிமுத்து, கடையைப் பாதி சாத்திவிட்டு, ஒரு ரோஜாப்பூ மாலையோடு சைக்கிளில் பறந்து வந்தார்.

"அண்ணாச்சி போயிட்டாவளா? மத்தியானம்கூட நல்லாத்தானய்யா விசில் ஊதிக்கிட்டிருந்தாவ!"

அழுகையோடு உள்ளே நுழைந்தவர் நடுவீட்டில் அப்படியே நின்றார். எதிரே கோமதிநாயகம், கையில் சங்கோடு.

பேச்சிமுத்துவுக்கு வாய் குழறியது.

"உங்களுக்கு நீங்களே ஊதிக்கிட்டியளா அண்ணாச்சி?"

மொழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்தது. செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் கொண்டையைப் போட்டுக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். மாலையை மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சிமுத்து அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சைக்கிளில் திரும்பிப் போனார்.

*

மறுநாளிலிருந்து மொழி பொறுப்பேற்றுக்கொண்டாள்.

"கன்னத்தை உப்பாதீங்கப்பா. உதட்டைக் குவிங்க."

"சரிட்டி."

"முதுகை நிமித்துங்க. ம், மறுபடியும். இல்ல, தப்பு. மறுபடியும்."

"ஊதுதேம்லா."

"காலையில எத்தனை தடவை ஊதுனிய? நிசமாவா? அம்மா, அப்பா ஊதுனாவளா?"

விடியுமுன் அவர் காதருகே விசில் அலறியது. அவருடைய விசில்தான். ஆணியிலிருந்து எடுத்திருந்தாள்.

"எந்திரிங்க. சங்கு."

அவள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல பிள்ளை, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்குப் பின்னாலேயே போட்டு உட்கார்ந்தாள். அவர் குளிக்கப் போனால் வெளியே நின்று, "உதடு எப்படி இருக்கணும்? சொல்லுங்க" என்று கேட்டாள்.

கோமதிநாயகம் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வந்த சத்தம் போயே போய்விட்டது. கன்றுக்குட்டிச் சத்தம்கூட வரவில்லை.

ஒருநாள் சங்கை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். ஊதவில்லை. சங்கை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சுகமாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று சங்கைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டார்.

செண்பகவல்லிதான், துணி காயப்போட வந்திருந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க செருப்புச் சத்தம் கேட்டா அவளும் இப்படித்தான், புஸ்தகத்தை வெடுக்குனு தூக்குவா" என்றாள்.

கோமதிநாயகத்துக்குக் காது சுட்டது. சங்கை மெதுவாக மடியில் இறக்கினார்.

*

"அம்மா, சங்கு வரமாட்டேங்கு. வேற ஆளைப் பாருங்க."

மடத்தம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒழுங்காக ஊதிப் பழகினீர்களா என்று அடுத்துக் கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று கோமதிநாயகம் யோசித்து வைத்திருந்தார். மடத்தம்மா அதைக் கேட்கவே இல்லை.

"எந்த இடத்துல நிக்குது அண்ணாச்சி?"

"எந்த இடம்னா?"

"தொடங்கவே மாட்டேங்குதா, தொடங்கி நின்னு போகுதா?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. நிதானமாக யோசித்தார்.

"தொடங்குதும்மா. பிறகு மூச்சு பத்தல. நடுவுலயே போயிருது."

"அப்பம் இன்னைக்கு ஊத வேண்டாம். மூச்சை மட்டும் உள்ள இழுத்து மெதுவா விட்டுப் பாருங்க. நான் ரசம் வைக்கணும்."

எழுந்து போய்விட்டார்.

கூடத்தில் கோமதிநாயகம் தனியாக இருந்தார். ஒரு கண்ணும் அவர்மேல் இல்லை. மூச்சை இழுத்தார், விட்டார். அடுப்படியில் கடுகு பொரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார், இன்னும் மெதுவாக விட்டார். அப்புறம் சங்கைத் தொடாமல் இருக்க அவரால் முடியவில்லை.

முழங்கியது. கூடத்துப் புறாக்கள் பறந்தன.

அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவரே ஓடினார்.

"கேட்டுதாம்மா?"

"கேட்டுது."

"எப்படி இருந்திச்சு?"

"உங்களுக்கு எப்படி இருந்திச்சு?"

"நல்லாத்தான் இருந்திச்சு. கடைசியில கொஞ்சம் நடுங்குன மாதிரி..."

"ம். இலை போடட்டுமா, சாப்பிடுதியளா?"

*

வீட்டில் மொழி நாற்காலியோடு தயாராக இருந்தாள்.

"எங்க போனிய? மணி என்ன ஆச்சு? எடுங்க சங்கை."

எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். இறக்கினார்.

"மொழி."

"ம்."

"நீ பின்னால இருந்து பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வரமாட்டேங்கு. தப்பா நினைக்காதட்டி. எனக்குச் சொல்லித் தரணும்னுதான் நீ நிக்க, தெரியும். ஆனா கொஞ்சம் விட்டுரு. ஏதாவது வேணும்னா நானே கூப்பிடுதேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மொழி சிரிக்கவில்லை. கேலி செய்வாள் என்று நினைத்தார், செய்யவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

கோமதிநாயகம் நாற்காலியைத் தூக்கினார். அவள் மேசைக்குப் பின்னால் அது கிடந்து கிடந்து தரையே தேய்ந்திருந்தது. அதை மாடிக்குக் கொண்டு போய்ப் போட்டார். அன்று முதல் அதுதான் அவர் சங்கு ஊதும் நாற்காலி.

*

சொல்வது சுலபம். இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் முழுவதும் மொழி டி.வி. பார்த்தாள். கோமதிநாயகம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். 'படிட்டி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செண்பகவல்லி அவர் கையைப் பிடித்து, உரிப்பதற்கு ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொடுத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் கண்ணீர் வடித்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் வகுப்பில் கணக்குத் தேர்வு நடந்தது. மார்க்கு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மொழியே சொன்னாள்.

"அப்பா, கணக்குல பாஸ் ஆகல."

முன்பெல்லாம் இந்தச் செய்தி பையைக் கொட்டினால்தான் வெளியே வரும். இப்போது தானாக வந்து இலைக்கு முன்னால் நின்றது. கோமதிநாயகத்துக்குப் பழைய கோபம் எல்லாம் ஒன்றாக எழுந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

"எந்த இடத்துல நிக்குது?"

மொழி சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள்.

"தொடங்கிருதேன்ப்பா. நடுவுல ஒரு இடத்துல பிளஸ்ஸு மைனஸ்ஸா மாறுதுல்லா, அங்க குழம்பிருதேன்."

"நான் ஏதும் செய்யணுமா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"காலையில மூளை நல்லாருக்கு. எழுப்பி விடுங்க. விசில் வேண்டாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்."

மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டார். அவள் புரண்டு படுத்தாள். வாசலில் நின்று அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. விடிந்த பிறகு மொழி பாய்ந்து எழுந்து வந்தாள்.

"ஏன்ப்பா மறுபடி எழுப்பல?"

"ஒரு தடவைன்னுதானட்டி சொன்ன."

முறைத்தாள். அடுத்த நாள் அவர் கூப்பிடுவதற்கு முன்பே அறையில் விளக்கு எரிந்தது. அவர் கதவைத் தட்டவில்லை. காபியைக் கதவோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மேலே அவருக்கு அவர் வேலை இருந்தது.

*

தீபத்தன்று காலையிலேயே தூத்துக்குடியிலிருந்து சொர்ணம் வந்திறங்கினாள். கோமதிநாயகத்தின் அக்கா. உப்பும் கருவாடும் முந்திரி மக்ரூனும் வாங்கி வந்திருந்தாள். மொழியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"பரீட்சை முடிஞ்சதும் டி.சி.யை வாங்கிரு தம்பி. ஸ்கூல்ல எல்லாம் பேசிட்டேன். நீ கவலையே படாத. எனக்கு வீட்டுல என்ன வேலை? நாள் முழுக்க அவ பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன். இப்படி அப்படி அசைய விடமாட்டேன்."

மொழிக்கு வாயிலிருந்த மக்ரூன் உள்ளே போகவில்லை.

"என்னட்டி, வாரியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் அத்தை."

போகாதே என்று சொல்லக் கோமதிநாயகத்துக்கு வாய் துடித்தது. காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பார். ஆனால் இது அவளிடம் கேட்ட கேள்வி. பதில் அவளுடையது. எழுந்து போய்ச் சங்கைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சாயங்காலம் மடத்து முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. பேச்சிமுத்து முன்வரிசையில், மொழியும் செண்பகவல்லியும் சொர்ணமும் அவருக்கு அடுத்து. முத்தையா பொக்கை வாயோடு நின்றார். கூட்டத்துக்குப் பின்னால் மலை இருட்டிக்கொண்டு வந்தது. உச்சியில் விளக்கேற்ற ஆட்கள் மேலே போய்விட்டார்கள். சங்கு கேட்டால்தான் ஏற்றுவார்கள்.

மடத்தம்மா கோமதிநாயகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

படியில் ஏறி நின்றார். சங்கை வாயில் வைத்தார். அத்தனை கண்களும் அவர்மேல்.

காற்றுதான் வந்தது.

மறுபடி ஊதினார். காற்று.

யாரோ சிரித்தார்கள். பேச்சிமுத்து, "உதட்டைக் குவிங்க அண்ணாச்சி!" என்றார். இன்னொருவர், "மூச்சை நல்லா இழுங்க!" என்றார். முத்தையா முன்பல்லில்லாத வாயை ஊதிக் காட்டினார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கோமதிநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. 

மொழி அவரைப் பார்த்தாள்.

பிறகு மெதுவாகத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றாள்.

"அத்தை, திரும்புங்க."

"எதுக்குட்டி? தம்பி ஊதுததைப் பாக்கத்தான வந்தேன்?"

"பாத்தா எங்கப்பாவுக்கு வராது. திரும்புங்க அத்தை. அம்மா, நீங்களும்தான்."

செண்பகவல்லியும் சொர்ணமும் திரும்பினார்கள். மடத்தம்மா அந்தப் பெண்ணையே பார்த்தார். அப்புறம் அவரும் திரும்பி மலையைப் பார்த்து நின்றார். மடத்தம்மாவே திரும்பிவிட்ட பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேச்சிமுத்து திரும்பினார். முத்தையா திரும்பினார். வரிசை வரிசையாக ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேச்சு அடங்கியது.

கோமதிநாயகம் அந்த முதுகுகளைப் பார்த்தார். அவற்றின் நடுவே மகளின் இரட்டைப் பின்னலைப் பார்த்தார். மூச்சு தானாக உள்ளே போனது.

சங்கு முழங்கியது. நடுவில் நிற்கவில்லை, கடைசியில் நடுங்கவில்லை. மலையில் மோதித் திரும்பி வந்தது. உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி, பெரிதாகி, நின்று எரிந்தது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

சொர்ணம் கும்பிட்ட கையை இறக்காமல் மொழியின் காதில் கேட்டாள்.

"யோசிச்சிட்டியாட்டி? டி.சி. வாங்கச் சொல்லட்டுமா?"

மொழி தீபத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் அத்தை. எங்கப்பாவை இப்பத்தான் பழக்கி வச்சிருக்கேன். உங்களை முதல்ல இருந்து பழக்க என்னால முடியாது."